கசந்த நாக்கும் பைன் விதைப் பாயசமும்

1. டீ கசந்த காலை

அன்று காலை டீ கசந்தது. பால் கெட்டுவிட்டதோ என்று பாத்திரத்தை முகர்ந்து பார்த்தேன். பால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து வாயில் போட்டேன். முதலில் இனித்தது. அது கரைந்து தொண்டைக்கு இறங்குவதற்குள், நாக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு கசப்பு எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. துருப்பிடித்த சாவியைச் சப்பியது போல இருந்தது. தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் கசந்தது.

மறுநாள் கல்யாணம். நான் சமைக்க வேண்டிய கல்யாணம்.

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். உப்பில்லாத கஞ்சி, எண்ணெயில்லாத பொரியல், சர்க்கரையில்லாத பால். நோயாளிக்கு அது வேண்டும்தான். ஆனால் எனக்கு ஒரே இடத்தில் நிற்கிற கால் இல்லை. பெரிய அண்டாவைக் கிளற வேண்டும், ஒரு கூட்டம் வரிசையாக உட்கார்ந்து விரல் நக்கிச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அது பொங்கிவிட்டது. வேலையை விட்டேன். சொந்தமாக ஒரு கேட்டரிங் குழு சேர்த்தேன். காதுகுத்து, வீடு குடிபோவது, பிறந்தநாள் என்று சின்ன ஆர்டர்கள் செய்துகொண்டிருந்தோம்.

இதுதான் முதல் பெரிய ஆர்டர். அரூரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம் இருக்கிற ஒரு ஊர். அங்கே ஒரு கல்யாணச் சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டால், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதே அடுத்த கல்யாணத்துக்குப் பேசிவிடுவார்கள். கெட்டுப்போனாலும் அதே வாசலில்தான் பேசுவார்கள். பிறகு அந்தப் பக்கம் நமக்கு ஒரு டீ ஆர்டர்கூட வராது. திரும்பவும் உப்பில்லாக் கஞ்சிக்குத்தான் போக வேண்டும்.

அடுப்பு பார்க்கிற முருகேசன், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ஏங்க்கா, டீயில நெலவேம்பு எதுனா போட்டுட்டீங்களா?"

மசாலாவும் இனிப்பும் பார்க்கிற கங்கா வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அவள் வீட்டில் கன்னடம். வருத்தமோ கோபமோ வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். "கஹி, கஹி" என்றாள். கசப்பு என்று அர்த்தம்.

எங்கள் குழுவில் உப்பு, புளிக்கு என் நாக்கு. கறிக்கு முருகேசன் நாக்கு. இனிப்புக்குக் கங்கா நாக்கு. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, தலையாட்டினால்தான் எதுவும் அடுப்பிலிருந்து இறங்கும். அந்த மூன்று நாக்கும் ஒரே காலையில் படுத்துவிட்டன.

2. முந்திரிக்கு என்ன கேடு?

காரணம் புரிய வேண்டுமென்றால் கல்யாணப் பெண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டெல்லா பெங்களூரில் நர்ஸ். ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பூனம், இமாச்சலத்தில் கின்னோர் மலைப்பக்கத்துப் பெண். பூனம் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பைன் மரத்து விதையை மடி நிறையக் கொண்டுவருவாளாம். அங்கே அதற்குச் சில்கோசா என்று பெயர். அதைத் தின்று தின்று ஸ்டெல்லாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. மெனு பேசப் போன அன்று, பாயசத்தில் முந்திரி வேண்டாம், பைன் நட்ஸ்தான் வேண்டும் என்றாள்.

கூடத்தில் ஸ்டெல்லாவின் அத்தை லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அக்கா. அந்த வீட்டில் அரிசி மூட்டை பிரிப்பதிலிருந்து ஆடு வாங்குவது வரை அவர் சொல்தான். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அவர் குறை சொல்லாத பந்தியே இல்லை என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன்.

"முந்திரிக்கு என்னா கேடு வந்துச்சாம்?" என்றார். "பேரு தெரியாத கொட்டயெல்லாம் எலயில வெச்சா, வந்தவன் பாயசத்த நோண்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான்."

எனக்குப் புதிதாக எதையாவது செய்ய வேண்டும் என்றால் கை சும்மா இருக்காது. "நான் செஞ்சு தரேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பைன் நட்ஸை நான் ஆஸ்பத்திரி நாட்களிலேயே பார்த்திருக்கிறேன். ஊசியிலை மரத்தின் கூம்புக்குள், செதில் செதிலாக அடுக்கிய மரப்பூவுக்குள், ஒளிந்திருக்கிற விதை அது. சில்கோசா நீளமாக, மெலிதாக, பழுப்பு ஓட்டுக்குள் இருக்கும். ஓட்டை உடைத்தால் தந்த நிறத்தில் ஒரு பருப்பு. குழந்தையின் முதல் பல்லைக் கொஞ்சம் இழுத்து நீட்டியது போல. கடித்தால் மெத்தென்று வெண்ணெய். வெண்ணெய்க்குப் பின்னால் லேசாக மரத்துப் பிசின் வாசம். ஒரு மலைக்காடு வாய்க்குள் வந்துவிட்டுப் போகும்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மேலே இருந்த டயட்டீஷியன் மேடம் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. பைன் விதையில் பெரும்பங்கு கொழுப்புதான், ஆனால் இதயத்துக்கு ஒத்துப்போகிற வகை. கூடவே புரதம், மக்னீசியம், துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, வைட்டமின் ஈ. பசியை அடக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். மேடம் அதற்கு மட்டும் தலையாட்டவில்லை, அதனால் நானும் ஆட்டமாட்டேன். "மருந்துன்னு நெனச்சு அள்ளித் திங்காதீங்க. சின்னக் கையளவு போதும். கொழுப்பு நல்லதா இருந்தாலும் கொழுப்புதான்" என்பார். கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், பெங்களூர் மார்க்கெட்டில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று ஓட்டோடு நீளமானது. இன்னொன்று ஓடு நீக்கியது, குட்டையாக, குண்டாக, முக்கோணம் போல. ஓடு உடைக்கிற வேலை மிச்சம் என்று குட்டையை வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டிரையல். புது ஐட்டம் என்றால் முதலில் குழுவே செய்து, குழுவே தின்று தீர்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போட்டோம். கொத்தமல்லி, பச்சை மிளகாயோடு துவையல் அரைத்தோம். தேங்காய் சேர்க்காமலே தேங்காய்த் துவையல் போல வழுவழுவென்று வந்தது. வெண்பொங்கலில் தூவினோம். மிச்சத்தை மூவரும் கதை பேசிக்கொண்டே கடலை மாதிரிக் கொறித்தோம். மேடம் சொன்ன சின்னக் கையளவு அன்று யார் நினைவுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய் காலை டீ கசந்தது.

3. மேடம் சிரித்தார்

கல்யாண வீட்டில் போய் இறங்கியதும், கிணற்றடியில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம், விதை எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குட்டை, குண்டு என்றதும் சிரித்துவிட்டார்.

சில வகைப் பைன் விதை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். தின்றபோது ருசியாகவே இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வாயில் கசப்பும் உலோக ருசியும் வரும். எதைச் சாப்பிட்டாலும் அந்தக் கசப்பு கூடும். விதை கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, விஷமும் இல்லை. எல்லாருக்கும் வருவதும் இல்லை. ஏன் என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் குட்டை வகை ஒன்றின் மேல்தான் சந்தேகம் என்றார். மருந்து கிடையாது, தானாகப் போகும்.

எப்போது போகும் என்று கேட்டேன்.

"சில நாள்ல போயிடும் சாந்தி. சிலருக்கு ரெண்டு வாரம்கூட ஆகும்."

"நாளைக்குக் கல்யாணமுங்க மேடம்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "அந்த விதையை யாருக்கும் போட்டுடாதே" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பாக்கெட்டை இறுகக் கட்டி வண்டியில், டீசல் கேனுக்குப் பின்னால் போட்டேன். இப்போது பாயசத்துக்கு விதையும் இல்லை, சாப்பாட்டுக்கு நாக்கும் இல்லை.

4. நல்லாருக்குதுக்கா

மூக்கு பிழைத்திருந்தது, கண் பிழைத்திருந்தது. மசாலா பச்சை வாசம் போயிற்றா, வெங்காயம் சிவந்ததா என்று சொல்லிவிடலாம். உப்பை மட்டும் மூக்கு சொல்லாது.

காய் வெட்ட வந்த பெண்கள் இருந்தார்களே, அவர்கள் நாக்கு நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. அன்று மாலைச் சாப்பாட்டுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி கையில் ஒரு சொட்டு விட்டேன்.

"நல்லாருக்குதுக்கா."

இன்னொருத்தியிடம் கொடுத்தேன். "சூப்பரா இருக்குதுக்கா."

எனக்குச் சந்தேகம் வந்து முருகேசனைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. சாம்பாரில் உப்பே இன்னும் போடவில்லை என்று காதில் சொன்னான்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. மாஸ்டர் கையிலிருந்து வாங்கி நக்கிவிட்டு வேறு என்ன சொல்வார்கள்? வாசலில் நின்ற ஸ்டெல்லாவின் அப்பாவிடம் கொடுத்தேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மனுஷன். அவர் வாய்க்குள் எதுவும் போய்ச் சேரவே இல்லை. "எல்லாம் நல்லாருக்குதும்மா" என்று கண் கலங்கினார்.

உப்பைக் கைக்கணக்கில் போட்டேன். கைக்கணக்கு பழகியதுதான். ஆனால் ஊர் மாறினால் தண்ணீர் மாறும், தண்ணீர் மாறினால் பருப்பு மாறும், எல்லாம் மாறினால் கை பொய் சொல்லும். உள்ளங்கையில் விட்டு நக்கினேன். துருச்சாவி.

அப்போதுதான் லூர்தம்மாள் அடுப்படிக்கு வந்தார். கேட்காமலே கரண்டியை எடுத்தார், கேட்காமலே ஊதிக் குடித்தார்.

"புளி பச்சையா நிக்குது. உப்பு ஒரு கை கொற. இதத் தின்னுட்டு மாப்ள வூட்டுக்காரன் ராவோட ராவா பஸ் ஏறிடுவான்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும். அன்று, பாலைவனத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது போல இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில், புகை வராத பக்கமாகப் போட்டேன்.

"பெரியம்மா, உங்க வூட்டுப் பக்குவம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க ஒரு வாய் பாத்துச் சொன்னாத்தான் நான் தைரியமா எறக்குவேன்."

"ஏன், உனக்கு நாக்கு இல்லையா?"

கங்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"இருக்குதுங்க. ஆனா இந்த வூட்டு நாக்கு உங்க நாக்குதானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மறுநாள் பந்தி முடியும்வரை அதை யாருக்கும் விடவில்லை.

5. ஓடு உடைத்த கைகள்

சாயங்காலத்துக்கு முன்பே பூனம் வந்து இறங்கினாள். பெங்களூரிலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து அரூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கையில் ஒரு துணிப்பை. ஸ்டெல்லாவுக்குக் கல்யாணப் பரிசாக ஊரிலிருந்து வரவழைத்த சில்கோசா, ஓட்டோடு. நீளமானது, மெலிதானது, அவள் வீட்டில் தலைமுறையாகத் தின்கிறது. மேடத்துக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டேன். தாராளமாகப் போடு என்றார். பையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னவோ நான் பைன் விதையை முதல் தடவை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓடு உடைக்க வேண்டும். பூனம் முன்பல்லில் வைத்து லேசாகக் கடித்துக் காட்டினாள். லூர்தம்மாள் நாற்காலியிலிருந்தே சத்தம் போட்டார்: எச்சில் பண்ணிப் பாயசத்தில் போடுவதா? பிறகு அவரே வழி சொன்னார். வாணலியில் போட்டுச் சூடு காட்டினால் ஓடு நொறுங்கும். அப்புறம் விதைக்கடலை உடைக்கிற மாதிரி உடைக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் நிலக்கடலை போடாத வீடு குறைவு. விதைப்புக்கு முன்னால், முளை அடிபடாமல் கடலையைக் கையால் உடைத்தெடுப்பார்கள். காய் வெட்டிய அதே பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு அழுத்து. டிக் என்று ஒரு சத்தம். முறம் முழுக்க மழை தொடங்கும்போது ஓட்டுக்கூரையில் விழுகிற முதல் துளிகள் மாதிரி டிக், டிக், டிக். நடுவில் பூனம். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு இந்தி தெரியாது. மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிக் கிண்டல் செய்தபோது மட்டும் எப்படியோ எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

6. லூர்தம்மாள் சொன்ன ஒரே குறை

மறுநாள் காலை, கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. மணிச்சத்தம் அடுப்படி வரை வந்தது. லூர்தம்மாள் தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பி வந்தார்.

பிரியாணிக்கு உலைத் தண்ணீர் கொதித்தது. அரிசி போடுவதற்கு முன் அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்க வேண்டும். அப்போதுதான் அரிசி குடித்தபின் சரியாக நிற்கும். ஒரு சொட்டு நீட்டினேன்.

"கரிக்குது."

"கரிக்கணுமுங்க பெரியம்மா, அரிசி இன்னும் போடல."

"எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் கரிக்கணும்னு சொல்றேன். போடு."

போட்டேன். பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புத் தால்ச்சாவுக்கு மாங்காய் இன்னும் ஒன்று. கத்திரிக்காய்த் தொக்குக்கு வெல்லம் ஒரு துண்டு. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு குறை சொன்னார், ஒவ்வொரு குறையையும் நாங்கள் மூவரும் கைகட்டிக் கேட்டுச் சரிசெய்தோம். முருகேசன் அவரை வாத்தியார் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

கடைசியில் பாயசம். சித்தேரி மலையிலிருந்து வந்த சாமை அரிசி, வெல்லம், தேங்காய்ப்பால். விதையைக் கங்கா வறுத்தாள். நெய் லேசாகச் சூடேறியதும் தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருந்து, தந்த நிறம் இளம்பொன்னுக்குத் திரும்பும் முன்பே இறக்கினாள். மீதிச் சூட்டில் அதுவே பொன்னாகும். அடுப்பிலேயே பொன்னானால் இலைக்கு வரும்போது கருகியிருக்கும்.

கரண்டியில் ஊற்றி, நாலைந்து விதை மிதக்கக் கொடுத்தேன். மூவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மென்றார். இன்னும் மென்றார். கண்ணை மூடினார்.

"சுடுது" என்றார்.

அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்த ஒரே குறை. கங்கா என் கையை நசுக்கியே விட்டாள்.

பந்தி நடந்தது. எலும்பு உறிஞ்சுகிற சத்தம், இன்னும் கொஞ்சம் என்கிற சத்தம், தண்ணீர் என்கிற சத்தம். நான் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு ஏங்கிய சத்தங்கள். பாயசத்தில் மிதப்பது என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு பெரியவர், சுகர் இருக்கிறவன் இதைச் சாப்பிடலாமா என்றார். விதையைச் சாப்பிடலாமுங்க, அது குளிக்கிற பாயசத்தைத்தான் சாப்பிடக் கூடாதுங்க என்றேன். அவர் விதையை மட்டும் பொறுக்கித் தின்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், குளித்த தண்ணீரையும் காணவில்லை.

7. ஒரு டம்ளர் வரக்காபி

பந்தல் காலியானது. அண்டா கழுவிக் கவிழ்த்தாயிற்று. லூர்தம்மாள் இரண்டு டம்ளரில் பால் விடாத வரக்காபி கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குடித்தேன். கசந்தது, எல்லாம்தான் கசக்கிறதே. பாதி டம்ளர் இறங்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க பெரியம்மா."

"அதுல நான் சக்கரையே போடல."

அவர் தன் டம்ளரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"நேத்தே தெரியும். சாம்பார வாயில வெச்சதும் உம் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். உப்பு கொறஞ்சா மூஞ்சி அப்பிடிப் போவாது. அந்தக் கன்னடக்காரப் பொண்ணு வேற குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது."

நடந்ததை எல்லாம் சொன்னேன். குட்டை விதை, டிரையல், மேடம், துருச்சாவி. அவர் காபி புரையேறச் சிரித்தார்.

"தெரிஞ்சும் ஏங்க பெரியம்மா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லி? விடிஞ்சாக் கல்யாணம், வேற ஆளுக்கு எங்க போறது?" டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா எல்லாக் கல்யாணத்துலயும் தின்னு முடிச்சப்புறந்தான் கொற சொல்லிக்கிட்டிருந்தேன். அடுப்புல இருக்கறப்பவே எங்கிட்ட கேட்டவ நீ ஒருத்திதான்."

8. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

கேட்டரிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பைன் நட்ஸ் பற்றி இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பெங்களூர்ப் பழக்கம் நம் பக்கமும் வந்துவிட்டது. நான் சொல்வது இதுதான். முடிந்தவரை ஓட்டோடு நீளமானதை வாங்குங்கள். எண்ணெய் அதிகமுள்ள விதை, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஓடு நீக்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வறுக்கும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள். கொஞ்சமாகப் போடுங்கள், அது முந்திரி இல்லை, மலிவும் இல்லை, கொஞ்சத்திலேயே பேசும். சாமைப் பொங்கலிலும் கீரைக் கூட்டின் மேலும் தூவிப் பாருங்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் கொட்டை ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேளுங்கள். எந்தப் புது விதையையும் விசேஷத்துக்கு முந்தின வாரத்தில் குழு முழுவதும் சேர்ந்து கொறிக்காதீர்கள். ஒரு நாக்காவது பட்டினி கிடக்கட்டும்.

என் நாக்கு எப்போது திரும்பியது என்றால், கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் ஒரு காலை. முருகேசன் டீ போட்டான். ஒரு வாய் குடித்துவிட்டு, யோசிக்காமலே சொன்னேன்: "சக்கரை ஜாஸ்திடா." அவன் கிளாஸை வைத்துவிட்டு, கங்காவைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் குதித்தான். குறை சொல்ல முடிந்ததில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பந்தியில் நிறையப் பேர் உட்காருவார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார வேண்டியவர் வேறு. அந்தப் பக்கத்து ஆர்டர் எது வந்தாலும் லூர்தம்மாளுக்கு முதலில் போன் போகிறது. எங்கள் மினி லாரியில் அண்டா, ஜல்லிக்கரண்டி, தார்ப்பாய் எல்லாம் ஏற்றியபின் கடைசியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஏறுகிறது. போன தடவை அதன் ஒரு கால் ஆடுகிறது என்று அவர் குறை சொன்னார். புதிது வாங்கியிருக்கிறோம்.